மான்கூர்டில் இறங்கிப் பார்

அன்புள்ள மருமகனுக்கு,

மாமா எழுதுகிறேன். நெருளில் உங்கள் சொசைட்டிப் பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து துர்பே பக்கத்துக் குடிசைப் பிள்ளைகளுக்கு நோட்டும் பென்சிலும் கொண்டுபோய்க் கொடுத்ததை உன் அம்மா போனில் சொன்னபோதே மனசு நிறைந்துவிட்டது. அதற்குப் பிறகு நடந்ததை நீ மறைக்காமல் எழுதியிருந்தாய். அடுத்த முறை உங்களில் பாதிப் பேர் வரவில்லை. அங்கே ஒரு பெண்மணி, "இன்னிக்கு என்ன கொண்டுவந்திருக்கீங்க?" என்று கேட்டபோது உனக்கு வாயில் வார்த்தை வரவில்லை. இந்த வேலையை எப்படித் தொடர்வது, யாரைப் பார்த்துக் கற்றுக்கொள்வது என்று கேட்டிருக்கிறாய். போனில் நாலு வார்த்தையில் முடிகிற விஷயமாக எனக்குத் தோன்றவில்லை. அதனால்தான் இவ்வளவு பக்கம்.

நீ கற்றுக்கொள்ள வேண்டிய மனிதர் இப்போது இல்லை. 2018 அக்டோபர் 13-இல் இறந்துபோனார். பெயர் ஜோக்கின் அற்புதம். நம்மைப் போல ஒரு தமிழர். கோலார் தங்கவயலில் பிறந்து, தச்சு வேலை தெரிந்துகொண்டு, பதினாறு பதினேழு வயதில் பம்பாய்க்கு வந்தவர். அவர் வாழ்ந்த ஊரை நீ தினமும் கடந்து போகிறாய். செம்பூர் கல்லூரிக்கு நெருளில் ரயிலேறுகிறாயே, வாஷி தாண்டிக் கழிமுகப் பாலம் முடிந்ததும் மான்கூர்ட் வருமல்லவா, இடது பக்கம் தூரத்தில் தெரியும் டிராம்பே குன்றின் அடிவாரம்தான் பம்பாயில் அவருடைய முதல் ஊர். அந்தக் காலத்தில் அதற்கு ஜனதா காலனி என்று பெயர். நகரத்தின் உட்பகுதிகளிலிருந்து அப்புறப்படுத்திய ஏழைகளை அரசே கொண்டுவந்து குடியமர்த்திய இடம். பின்னாளில் எழுபதாயிரம் பேர் அங்கே வாழ்ந்தார்கள். பக்கத்திலேயே பாபா அணு ஆராய்ச்சி மையம் எழும்பியது.

மும்பைத் தமிழருக்கு இரண்டு முகம் உண்டு என்று நான் அடிக்கடி நினைப்பேன். மாட்டுங்காவில் கோயிலும் சபாவும் பள்ளிக்கூடமுமாக வேரூன்றிய முகம் ஒன்று. தாராவியில் தோல் பதனிட்டும் இட்லி அவித்தும் மூட்டை சுமந்தும் வாழ்ந்த முகம் இன்னொன்று. இந்த இரண்டும் ஒரே மதிலின் இரு பக்கமாக நின்ற இடம் டிராம்பே. உள்ளே அணுசக்தி நகரில் தமிழ் விஞ்ஞானிகள், வெளியே ஜனதா காலனியில் தமிழ்க் கூலிகள். அந்த விஞ்ஞானிகளில் ஓய்வு பெற்று நெருளில் பிளாட் வாங்கி வந்தவர்கள் உங்கள் கட்டடத்திலேயே இருக்கலாம். அவர்களிடம் ஜனதா காலனியைப் பற்றிக் கேட்டுப் பார். யாராவது ஒருவருக்கு நினைவிருக்கும்.

ஜோக்கினுக்கு அங்கே வீடு கிடையாது. கிடைத்த இடத்தில் படுத்துக்கொள்வார். சாயங்காலமானால் சும்மா திரிகிற பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு பாடுவார். பாட்டு மெல்ல மெல்லப் பாடமாயிற்று. பள்ளிக்கூடம் போகாத பிள்ளைகளுக்கு அவரும் அவருடைய கூட்டாளிகளும் எழுத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். அவரே அதிகம் படித்தவரில்லை என்பதை மறந்துவிடாதே. அவருடைய பொதுவாழ்க்கை முழுவதற்கும் வித்து இங்கேதான் விழுந்தது என்று நான் நினைக்கிறேன். யாரும் அவரைத் தலைவர் என்று அழைப்பதற்கு முன்பே அவர் பிள்ளைகளோடு சேர்ந்துவிட்டார்.

அந்தக் காலனியில் குப்பை அள்ள முனிசிபாலிட்டி ஆள் வருவதில்லை. மலை மலையாகக் கிடந்தது. ஜோக்கின் என்ன செய்தார் தெரியுமா? பிள்ளைகளைப் பிக்னிக் போவோம் என்று கிளப்பினார். ஒவ்வொரு பிள்ளையும் செய்தித்தாளில் கொஞ்சம் குப்பையைப் பொட்டலம் கட்டி எடுத்துக்கொள்ள வேண்டும். ஊர்வலம் போல நடந்துபோய், முனிசிபாலிட்டி அலுவலகத்து வாசலில் அத்தனை பொட்டலத்தையும் வைத்துவிட்டு வந்தார்கள். அதிகாரிகள் ஆடிப்போனார்கள். பேச்சு நடந்தது. குப்பையை மக்கள் ஓரிடத்தில் சேர்த்துத் தந்தால் வண்டி அனுப்புகிறோம் என்று அதிகாரிகள் இறங்கி வந்தார்கள்.

இந்தக் கதையைக் கேட்கிறவர்கள் பெரும்பாலும் அந்தத் துணிச்சலை மெச்சுவார்கள். எனக்குப் பெரிதாகத் தெரிவது பொட்டலம். ஒரு சின்னப் பிள்ளையால் தூக்க முடிந்த அளவு குப்பை. அந்த அளவாகப் பிரித்துக் கொடுத்ததால் ஊர்ப் பிரச்சினையில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பங்கு கையில் வந்தது. "நீங்க சின்னப் பசங்க, தள்ளி நில்லுங்க" என்று அவர் சொல்லவில்லை. அவர்களுக்காகப் பெரியவர்கள் போய் மனுக் கொடுக்கவும் இல்லை. இளைஞர்களை வளர்ப்பது என்று ஊர் ஊராய்ப் பேசுகிறோமே, அதன் முதல் பாடம் இதுதான்: அவர்கள் தோளுக்குத் தகுந்த பாரமாக, ஆனால் மெய்யான பாரமாகக் கொடுப்பது.

பிறகு சோதனை வந்தது. ஜனதா காலனி நிலம் அணுசக்தி நிறுவனத்துக்குத் தேவைப்பட்டது. காலி செய்யச் சொன்னார்கள். ஜோக்கின் ஆண்டுக்கணக்கில் போராடினார். நீதிமன்றம் ஏறினார், பலமுறை கைதானார், தில்லிக்குப் போய் நாடாளுமன்றத்துக்கு முன்னால் உட்கார்ந்து பிரதமர் இந்திரா காந்தியையே சந்தித்தார். எல்லாம் செய்தும், நெருக்கடி நிலைக் காலத்தில், 1976 மே மாதம், காலனியை இடித்துத் தள்ளினார்கள். எழுபதாயிரம் பேரும் கொஞ்ச தூரத்திலிருந்த சதுப்பு நிலத்துக்கு மாற்றப்பட்டார்கள். அதுதான் இன்றைய சீத்தா கேம்ப். அவர் சில காலம் நாட்டை விட்டே வெளியே இருக்க வேண்டியிருந்தது.

தோற்றுப்போன போராட்டம்தான். அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தத் தோல்வியை அவர் எப்படி எடுத்துக்கொண்டார் என்பதில்தான் நமக்குப் பாடம் இருக்கிறது. எழுபதுகளின் நடுவில் அவர் தொடங்கிய தேசியக் குடிசைவாசிகள் கூட்டமைப்பு முதலில் ஆண்களின் அமைப்பாக, ஆர்ப்பாட்டத்துக்கும் மறியலுக்கும் ஆள் சேர்க்கும் அமைப்பாகத்தான் இருந்தது. கூட்டம் சேரும், கோஷம் போடும், கலையும். புல்டோசர் வரும் நாளில் அதைத் தடுக்க அது போதவில்லை. தங்களிடம் ஒரு மாற்றுத் திட்டம் கையில் இல்லாதபோது, வேண்டாம் என்ற சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு நெடுந்தூரம் போக முடியாது என்று அவர் உணர்ந்தார். தன் பழைய முறையைப் பற்றி இப்படி வெளிப்படையாகப் பேசிய தலைவர்கள் நம்மிடம் எத்தனை பேர்?

அவருடைய இரண்டாம் பாதி எப்படி உருவானது என்று புரிய, 1981-க்குப் போக வேண்டும். அந்த ஆண்டு ஜூலை மாதம், அடைமழையில், முதலமைச்சர் ஏ.ஆர். அந்துலே நடைபாதைவாசிகளை வெளியேற்றி அவரவர் சொந்த ஊருக்கே அனுப்பிவிடும்படி உத்தரவிட்டார். வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. வழக்குத் தொடுத்தவர்களில் ஒருவர் நம் சேலத்துக்காரர். நிலமில்லாத கூலி. ஊரில் வறட்சி வந்து வேலை போனதும் 1961-இல் பம்பாய் வந்தவர். தஹிசரில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் நாள் கூலி 23 ரூபாய். நடைபாதையில் பிளாஸ்டிக் தாளும் கித்தானும் போட்ட ஒரு மறைப்புக்காக அவரிடம் ஒரு தாதா 2,500 ரூபாய் பறித்திருந்தான். 1981 ஜூலை 23-இல் அந்த மறைப்பை இடித்து, அவரையும் மனைவியையும் மூன்று பெண் குழந்தைகளையும் பஸ்ஸில் ஏற்றிச் சேலத்துக்கு அனுப்பினார்கள். குடும்பம் சேலத்தில் தங்கியது. அவர் மட்டும் வேலை தேடித் திரும்ப வந்து மறுபடியும் நடைபாதையில் உட்கார்ந்தார். இத்தனையும் தீர்ப்பிலேயே எழுதப்பட்டிருக்கிறது. தமிழ்நாட்டில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று நினைத்தால் எனக்கு வலிக்கிறது.

1985 ஜூலை 10-இல் தீர்ப்பு வந்தது. பிழைப்புக்கான உரிமை உயிர் வாழும் உரிமையில் அடங்கும் என்று நீதிபதிகள் சொன்னார்கள். இன்று சட்டக் கல்லூரிகளில் அந்த வரியைத்தான் பாடமாகச் சொல்வார்கள். ஆனால் முறைப்படி அறிவிப்புக் கொடுத்து, அக்டோபர் 31 வரை மழைக்காலத்தைக் கழியவிட்டு, அப்புறம் அகற்றலாம் என்றும் அதே தீர்ப்பு சொன்னது. 1976-இல் அரசு எடுத்த குடிசைக் கணக்கில் அடையாள அட்டை பெற்றவர்களுக்கு மட்டும் மாற்று இடம் தர வேண்டும். நடைபாதையில் இருந்தவர்கள் அந்தக் கணக்கிலேயே வரவில்லை. பட்டியலில் இல்லாதவனுக்கு ஊரில் இடமில்லை என்று ஆகிவிட்டது.

தீர்ப்புக்குச் சற்று முன்பு, 1984-இல், ஷீலா படேலும் அவருடைய தோழிகளும் பைகுல்லாவில் ஸ்பார்க் என்ற அமைப்பைத் தொடங்கியிருந்தார்கள். நடைபாதைப் பெண்களோடு பழகிப் பழகி, 1985-இல் அவர்களையே கொண்டு ஒரு கணக்கெடுப்பு நடத்தினார்கள். சுமார் ஆறாயிரம் குடும்பங்கள். எங்கிருந்து வந்தார்கள், எத்தனை ஆண்டாக இருக்கிறார்கள், என்ன வேலை, என்ன வருமானம், எத்தனை முறை இடிக்கப்பட்டார்கள் என்று எல்லாம் கேட்டு எழுதினார்கள். நேற்று வந்தவர்கள், பிச்சைக்காரர்கள், திருடர்கள் என்றெல்லாம் நகரம் சொல்லிக்கொண்டிருந்தது. கணக்கு வேறு கதை சொன்னது. பல ஆண்டுகளாக அங்கேயே வாழ்ந்து, நகரத்தின் மலிவான வேலையெல்லாம் செய்துகொண்டிருந்த உழைப்பாளிகள் அவர்கள். அக்டோபர் முடிந்தது. எல்லோரும் பயந்த பெரிய இடிப்பு நடக்கவில்லை. மறு ஆண்டு அந்தப் பெண்களே மகிளா மிலன் என்ற அமைப்பானார்கள். ஜோக்கின் தன் கூட்டமைப்பை அவர்களோடு இணைத்தார். கோஷம் போடத் தெரிந்த ஆண்களும், குடும்பம் நடத்தத் தெரிந்த பெண்களும், எழுதப் படிக்கத் தெரிந்த சமூகப் பணியாளர்களும் சேர்ந்த கூட்டணி அது. அங்கிருந்துதான் அவர் வேலை பலன் தரத் தொடங்கியது.

கணக்கெடுப்பு என்றால் ஏதோ படிவம் நிரப்புவது என்று நினைத்துவிடாதே. அவர்கள் செய்த முறையைச் சொல்கிறேன், உனக்கு உதவும். முதலில் எல்லோரையும் கூட்டி, எதற்காக எண்ணுகிறோம் என்று சொல்வார்கள். அடுத்து ஊர்க்காரர்களே தெருத் தெருவாக நடந்து கையால் வரைபடம் போடுவார்கள். குழாய் எங்கே, கக்கூஸ் எங்கே, சாக்கடை எங்கே, எது கடை, எது வீடு. ஒவ்வொரு கதவிலும் ஓர் எண் எழுதுவார்கள். அதன் பிறகுதான் வீடு வீடாகக் கேள்வி. கேட்கப் போகிறவர்கள் அந்தத் தெருப் பெண்களும் இளைஞர்களும்தான். வெளியாள் கேட்டால் கிடைக்காத பதில் பக்கத்து வீட்டுப் பெண் கேட்டால் கிடைக்கும். பொய் சொன்னால் அவளுக்குத் தெரிந்தும் போகும். கடைசியாக, சேர்ந்த விவரத்தை ஊரார் முன்னால் உரக்க வாசிப்பார்கள். விட்டுப்போன பெயரைச் சேர்ப்பார்கள், சண்டை வந்தால் அங்கேயே தீர்ப்பார்கள். இவ்வளவும் முடியும்போது கையில் ஒரு பட்டியல் இருக்கும், அதற்கு மேலாக, ஒருவரை ஒருவர் அறிந்த ஒரு தெரு இருக்கும். 1986-இல் தாராவியிலும் இப்படித்தான் எண்ணினார்கள். அதற்கு முந்திய ஆண்டின் கடைசியில் பிரதமர் ராஜீவ் காந்தி பம்பாய்க்கு நூறு கோடி ரூபாய் அறிவித்து, அதில் ஒரு பகுதி தாராவிக்கு என்று சொல்லியிருந்தார். அரசு கையில் வைத்திருந்த எண்ணிக்கையைவிட மக்கள் எடுத்த எண்ணிக்கை மிக அதிகமாக வந்தது. குறைந்த எண்ணிக்கைக்குத் திட்டம் போட்டால் மிச்சக் குடும்பங்கள் எங்கே போகும் என்ற கேள்வியை யாராலும் தள்ள முடியாமல் போயிற்று.

தினச் சேமிப்பும் அப்படியே. நம் ஊர்ச் சீட்டு போலத் தெரியும். ஆனால் மாதத்துக்கு ஒரு முறை கூடிக் கலைகிற காரியமாக அது இருக்கவில்லை. ஒரு பெண் தினமும் வீடு வீடாகப் போவாள். ஒரு ரூபாய் இருந்தால் ஒரு ரூபாய், இரண்டு இருந்தால் இரண்டு, இல்லையென்றால் இல்லை. எழுதத் தெரியாதவர்கள் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பிளாஸ்டிக் பை வைத்து, தொகைக்கு ஒரு நிறமாகக் காகிதத் துண்டுகளைப் போட்டுக் கணக்கு வைத்தார்கள். ஜோக்கின் இதை வற்புறுத்தியதற்குப் பணம் முதற் காரணமில்லை. பணம் வாங்கப் போகிறவள் தினமும் அந்த வீட்டு வாசலில் நிற்பாள். யாருக்குக் காய்ச்சல், யாருக்கு வேலை போனது, எந்த வீட்டில் புருஷன் அடிக்கிறான், எந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்தை விட்டது என்று அவளுக்குத் தெரிந்துவிடும். உன் குழுவிலிருந்து பாதிப் பேர் ஏன் விலகினார்கள் என்று யோசித்துப் பார். மாதம் ஒரு முறை பார்க்கிறவர்களோடு பாசம் எப்படி வளரும்?

பைகுல்லா நடைபாதைப் பெண்கள் தங்களுக்கு வேண்டிய வீட்டைத் தாங்களே திட்டமிட்டதை நான் விட்டுவிடக் கூடாது. மரச் சட்டமும் துணியும் கொண்டு முழு அளவில் ஒரு வீட்டைக் கட்டி ஊர் பார்க்கக் கண்காட்சி வைத்தார்கள். தரை சின்னதுதான். ஆனால் பதினான்கு அடி உயரம். ஏன் அவ்வளவு உயரம் என்றால், உள்ளே ஒரு பரண் போட்டால் பிள்ளைகள் மேலே படிக்கலாம், படுக்கலாம். பொறியாளர்களும் அதிகாரிகளும் வந்து பார்த்தார்கள். எழுதத் தெரியாத பெண்கள் அவர்களுக்கு விளக்கம் சொன்னார்கள். அந்தப் பெண்களில் சிலருக்கு வீடு கிடைக்க இருபது ஆண்டுக்கு மேல் ஆயிற்று. மான்கூர்டில் மிலன் நகர் என்று பெயர் வைத்துக் குடியேறினார்கள்.

நீ போகிற ரயில் பாதைக்கே வருகிறேன். மான்கூர்டிலிருந்து நவி மும்பைக்குப் பாதை போட்டபோது வழியில் ஒரு குடியிருப்பு இருந்தது. நூற்றெண்பதுக்கு மேற்பட்ட குடும்பங்கள். 1989-இல் அவர்கள் தாங்களே கணக்கெடுத்து, தாங்களே திட்டமிட்டு, ஒரு கிலோமீட்டர் தள்ளி மான்கூர்டிலேயே குடியேறிப் பாதைக்கு வழிவிட்டார்கள். போலீசும் புல்டோசரும் தேவைப்படவில்லை. நெருளுக்கு ரயில் வந்தது 1993-இல். அந்த ரயிலில் நீ உட்கார்ந்து போவதற்கு அந்தக் குடும்பங்களும் ஒரு காரணம். பின்னால், தண்டவாளத்தை ஒட்டிக் குடிசைகள் இருந்ததால் பல இடங்களில் ரயில் ஊர்ந்து போக வேண்டியிருந்தது. பிள்ளைகள் அடிபட்டுச் செத்தார்கள். உலக வங்கிக் கடனோடு பாதைகளைச் சீராக்கும் திட்டம் வந்தபோது, 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில், தண்டவாளக் குடிசைவாசிகள் ஏறத்தாழ அறுபதாயிரம் பேர் வன்முறையில்லாமல் இடம் மாறினார்கள். யார் எந்தக் கட்டடத்துக்கு, யாருக்கு அடுத்து யார் வீடு, யாருக்குத் தரைத்தளம் என்பதையெல்லாம் கூட்டமைப்பும் மகிளா மிலனும் உட்கார்ந்து முடிவு செய்தன.

இதையெல்லாம் எழுதும்போது அவரைத் தெய்வமாக்கிவிட எனக்கு விருப்பமில்லை. அரசோடும் உலக வங்கியோடும் அவர் அளவுக்கு மீறி நெருங்கிவிட்டார் என்று குறை சொன்னவர்கள் உண்டு. மக்கள் குடியேறிய கட்டடங்கள் எல்லாம் நல்ல கட்டடங்களும் இல்லை. மான்கூர்ட் ஸ்டேஷனிலிருந்து எட்டிவிடுகிற தூரத்தில் லல்லுபாய் காம்பவுண்ட் இருக்கிறது, கோவண்டி பக்கம் நட்வர் பாரேக் காம்பவுண்ட் இருக்கிறது. இரண்டு கட்டடங்களுக்கு நடுவே கை நீட்டித் தொட்டுவிடலாம் போல நெருக்கம். வெயில் இறங்காது, காற்று வராது. அங்கே காசநோய் பரவுவதற்கும் அந்த நெருக்கத்துக்கும் தொடர்பு இருப்பதை 2018-இல் ஒரு மருத்துவ ஆய்வு காட்டியது. கட்டடம் எப்படி இருக்க வேண்டும் என்று தீர்மானித்தது மக்கள் இல்லை. எப்படி மாறுவது என்பதைத்தான் மக்கள் கையில் விட்டார்கள். பதினான்கு அடி உயரம் கேட்ட பெண்களின் பேச்சை வரைபடம் போடுகிற மேசை வரைக்கும் கொண்டுபோயிருந்தால் இந்த நிலை வந்திருக்காது என்பது என் எண்ணம்.

போலீஸ் விஷயத்தில் அவர் செய்தது எனக்கு மிகவும் பிடித்தது. வாழ்நாளில் எத்தனையோ முறை தன்னைக் கைது செய்த போலீசோடு அவர் கைகோத்தார். ஏ.என். ராய் என்ற அதிகாரி புனேயில் கமிஷனராக இருந்தபோதும், பிறகு மும்பைக்கு வந்தபோதும், குடிசைப் பகுதிகளில் போலீஸ் பஞ்சாயத்து என்று ஓர் ஏற்பாட்டை இருவரும் கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு பகுதிக்கும் பத்துப் பேர், அதில் ஏழு பேர் பெண்கள், மூன்று பேர் ஆண்கள். கூட அந்தப் பகுதிப் போலீஸ்காரர் ஒருவர். புருஷன் பெண்டாட்டி சண்டை, குழாயடித் தகராறு, குடித்துவிட்டு வந்து ரகளை செய்வது, இந்த மாதிரி விஷயங்களை அங்கேயே பேசித் தீர்ப்பார்கள். ஸ்டேஷன் வாசலை மிதிக்கவே பயந்த பெண்கள் போலீஸ்காரருக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். ஏழு பெண்கள் என்ற விகிதத்தைக் கவனி. மறியலுக்கு ஆண்களைத் திரட்டிய அதே மனிதர் இங்கே வந்து சேர்ந்திருக்கிறார்.

வெளிநாட்டுக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1991-இல் தென்னாப்பிரிக்காவுக்குப் போனார். நிறவெறி ஆட்சி முடியப்போகிறது, சுதந்திரம் வந்தால் வீடு தானாக வரும் என்று நம்பிக்கொண்டிருந்த குடிசை மக்களிடம், எங்கள் நாட்டிலும் சுதந்திரம் வந்தது, ஏழை இன்னும் குடிசையில்தான் இருக்கிறான், இப்போதே அமைப்பாகத் திரளுங்கள் என்ற கருத்தில் பேசினார். யாருக்கும் இனிக்காத பேச்சு. ஆனால் அதிலிருந்து பிறந்த உறவில் பைகுல்லா நடைபாதைப் பெண்கள் கடல் தாண்டிப் போய் அங்குள்ள பெண்களுக்குத் தினச் சேமிப்பு சொல்லிக்கொடுத்தார்கள். 1996-இல் பல நாட்டுக் குடிசைவாசிகளின் கூட்டமைப்பாக அது வளர்ந்தது. ஜோக்கினுக்கு 2000-இல் மகசேசே விருது கிடைத்தது, 2011-இல் பத்மஸ்ரீ.

அவர் ஆள் வளர்த்த முறையை இதிலிருந்து நீ பிடித்துக்கொள்ளலாம். கற்றவனையே உடனடியாக ஆசிரியராக்கிவிடுவார். ரேஷன் கார்டு வாங்குவது எப்படி என்று நேற்றுத் தெரிந்துகொண்ட பெண் இன்று அடுத்த தெருவுக்குப் போய்ச் சொல்ல வேண்டும். அங்கே தப்பாகச் சொன்னாலும் பரவாயில்லை, திருத்திக்கொள்வாள். சொல்லிக்கொடுக்கும்போதுதான் தனக்கு எது தெரியாது என்று அவளுக்கே தெரியும். நமக்குப் பழக்கமான முறையில் ஒரு குரு இருப்பார், சுற்றிச் சீடர்கள் இருப்பார்கள், குரு மறைந்ததும் படம் மாட்டி மாலை போடுவோம். ஜோக்கின் இறந்த பிறகும் அந்தச் சேமிப்புக் குழுக்கள் நடப்பதற்குக் காரணம், அவர் இருக்கும்போதே அவை அவரில்லாமல் நடக்கப் பழகியிருந்ததுதான்.

இனி உன் குழுவுக்கு வருவோம். நோட்டுப் புத்தகம் கொடுத்ததை நான் குறைத்துப் பேச மாட்டேன். அது உங்களை அந்தத் தெருவுக்குள் அழைத்துப் போனது. ஆனால் அடுத்த ஞாயிறு வெறுங்கையோடு போங்கள். உன்னிடம் கேள்வி கேட்டாரே, அந்தப் பெண்மணியையே தேடிப் போய், எதுவும் கொண்டுவரவில்லை, உங்களிடம் கேட்க வந்திருக்கிறோம் என்று சொல். தண்ணீர் எத்தனை மணிக்கு வருகிறது, வரிசையில் எவ்வளவு நேரம், கக்கூஸ் எத்தனை குடும்பத்துக்கு ஒன்று, பெண்கள் இரவில் எங்கே போகிறார்கள் என்று அவர்களே சொல்லட்டும். அங்குள்ள பத்தாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டு மூன்று பேர் வரைபடம் போட முன்வந்தால், பென்சிலை அவர்கள் கையில் கொடு. நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். படம் எடுக்க வேண்டாம். அதிகாரியைப் பார்க்கப் போகும் நாள் வந்தால் பேசப் போகிறது அந்தப் பிள்ளைகள்தான் என்று முன்கூட்டியே சொல்லி வை. இங்கிலீஷ் நன்றாக வரும் என்பதற்காக உங்கள் குழுவிலிருந்து யாரும் முந்திக்கொள்ளக் கூடாது.

ஜோக்கின் கூட்டமைப்பு கட்டிய பொதுக் கழிவறைகளில் ஒன்றை உன் நண்பர்களைப் போய்ப் பார்க்கச் சொல். பிள்ளைகளுக்குத் தனியாகச் சின்னக் கழிவறைகள் இருக்கும். பெரியவர்கள் வரிசையில் பிள்ளைகளைப் பின்னால் தள்ளிவிடுவார்கள் என்பது தாய்மார்களுக்குத் தெரியும், வரைபடம் போட்ட பொறியாளருக்குத் தெரியாது. பராமரிப்பவர் குடும்பத்தோடு தங்க மேலே ஓர் அறை இருக்கும், குடும்பத்துக்கு மாதம் ஒரு பாஸ் இருக்கும். இந்த மூன்று விஷயமும் கேட்டுத் தெரிந்துகொண்டதால் வந்தவை.

உங்கள் குழுவில் இப்போது நீதான் எல்லாம் செய்கிறாய் என்று உன் கடிதத்திலிருந்து தெரிகிறது. போன் செய்வது, பணம் சேர்ப்பது, பை தூக்குவது எல்லாம் நீயே. பாதிப் பேர் வராமல் போனதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். அவர்களுக்குச் செய்ய ஒன்றுமில்லை. ஒன்பதாம் வகுப்பில் படிக்கிற உன் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கணக்குப் புத்தகத்தைக் கொடு. ஒழுங்காக எழுதுவாளா என்று சந்தேகப்படாதே, கொடு. ஓர் ஆண்டுக்குள் நீ கூட்டத்தில் பின்வரிசையில் உட்கார வேண்டும்.

இன்னொன்று. எண்ணுவதற்குத் துர்பே வரைக்கும் போக வேண்டியதுகூட இல்லை. நெருள் தொண்ணூற்றைந்து கிராமங்களின் நிலத்தை எடுத்து சிட்கோ என்ற அரசு நிறுவனம் கட்டிய நவி மும்பையின் ஒரு துண்டு. அந்த நெல் வயலிலும் உப்பளத்திலும் வாழ்ந்த ஆக்ரி, கோளி மக்கள் இன்னும் நெருள் கிராமத்திலும் கராவேயிலும் இருக்கிறார்கள். அவர்களில் ஒரு பெரியவரையாவது நீ சந்தித்திருக்கிறாயா? உங்கள் சொசைட்டிக்குள் தினமும் எத்தனை வீட்டு வேலைப் பெண்கள் வருகிறார்கள்? எந்தக் குடியிருப்பிலிருந்து, எத்தனை மணிக்குக் கிளம்பி, எதில் ஏறி வருகிறார்கள்? எட்டு மணி நேரம் நாலு வீட்டில் வேலை செய்கிற ஒரு பெண் நடுவில் எந்தக் கழிவறைக்குப் போகிறாள்? அவள் லிப்டில் ஏறலாமா, கூடாதா? வாட்ச்மேன் மத்தியானம் எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறார்? இதை எழுதி, அவர்களிடமே வாசித்துக் காட்டிச் சரிபார்த்து, சொசைட்டிப் பொதுக்கூட்டத்தில் வைக்க உனக்குத் தைரியம் இருக்கிறதா என்று நண்பர்களோடு பேசிப் பார். வைத்தால் சிலருக்குக் கோபம் வரும். உன் அப்பாவுக்குக்கூட வரலாம். வந்தால் என்னிடம் பேசச் சொல்.

டிசம்பர் விடுமுறையில் நான் செம்பூரிலிருந்து மான்கூர்டுக்கு வந்துவிடுகிறேன், நீயும் உன் நண்பர்களும் நெருளிலிருந்து வாருங்கள். ஸ்டேஷனில் சந்தித்து சீத்தா கேம்ப் வரைக்கும் போவோம். ஜனதா காலனியிலிருந்து வந்த பழைய ஆட்கள் இன்னும் சிலர் அங்கே இருப்பார்கள். குப்பைப் பொட்டலம் தூக்கிய பிள்ளைகளுக்கு இப்போது அறுபது வயது தாண்டியிருக்கும். அவர்கள் தமிழில் பேசினால் நீ தமிழிலேயே பதில் சொல்ல வேண்டும். நோட்டு ஒன்று எடுத்துக்கொண்டு வா. அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் மாமா